கட்கித் தாடியும் நிக்டித் தாடியும்

உங்கள் புனே தமிழ் நாடகக் குழுவின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: ஒரு நாடகம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை நடிகன் தன் நாட்களை எப்படிப் பயனுள்ளதாகக் கழிப்பது? படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்படிப் பயனுள்ளதாகக் கழித்தவன் எவனாவது இருந்தால் அவனைத் தேடிப் போய்க் கேளுங்கள். நான் புனே மேடைகளில் மராத்தியிலும் இந்தியிலும் இருபத்தைந்து வருடம் நடித்தவன். முழங்கால் தகராறு செய்ததால் மூன்று வருடமாக மேடை ஏறுவதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், மேடையில் நின்ற நேரத்தைவிட யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம்தான் பல மடங்கு அதிகம்.

குரல் பயிற்சி செய், புத்தகம் படி, உடம்பைக் கவனி என்று எழுதலாம். அதற்கு நான் எதற்கு? உங்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறீர்கள், அதையெல்லாம் தேடி எடுத்துக்கொள்ள உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களில் இரண்டு மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் நடிக்கப் போவதாகக் கிளம்பியிருக்கிறீர்கள். அவர்களுக்காகத் தாடி வளர்த்த கதையை எழுதுகிறேன். பத்து மாதம் தாடி வளர்த்தேன். அதைத் தவிர அந்தப் பத்து மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுமில்லை. உருப்படாமல் செய்தது ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றேழு ஆகஸ்ட். எனக்கு இருபத்தைந்து வயது. புனேயை ஒட்டிய கட்கியில், அப்பா வேலை பார்த்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்போது பரிசோதனை நாடகம் போட்டுக்கொண்டிருந்த ஓர் இயக்குநர் என்னைத் தம் வீட்டுக்கு வரச்சொன்னார். எல்லாரும் அவரை ‘சர்’ என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒரு நாடகம் விடாமல் பார்த்து, அவர் கூப்பிடுவாரா என்று இரண்டு வருடம் ஏங்கியவன் நான். போனேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மராத்தியில் சொன்னார்:

“அடுத்த நாடகத்துல, பதினோரு வருஷம் தலைமறைவா இருந்துட்டு ஒருத்தன் வீட்டுக்குத் திரும்பி வர்றான். நாடகத்துல நீ இருக்கே. இன்னையிலேர்ந்து இந்த முகத்துல பிளேடு படக்கூடாது. ஒட்டுத் தாடி பொய் பேசும், எனக்குப் பிடிக்காது.”

“ஒத்திகை எப்ப சர்?”

“பதினைஞ்சாம் தேதி.”

அவ்வளவுதான் பேச்சு. எந்த மாதத்துப் பதினைந்து என்று நான் கேட்கவில்லை. எந்த வேடம் என்றும் கேட்கவில்லை. தலைமறைவாக இருந்தவன் வருகிறான், நீ இருக்கிறாய், தாடி வளர்த்துக்கொள் என்றால் அந்த ஆள் நான்தான் என்பதில் என்ன சந்தேகம்? கேட்டால் சர் கோபித்துக்கொள்வார், வேடம் கைநழுவிவிடும் என்கிற பயம் வேறு. இந்தப் பயத்தை நமக்கு யார் ஊட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துணிக்கடையில் நாலு சட்டையைப் பிரித்துப் போடச்சொல்லி வாங்காமல் வருகிறவர்கள் நாம். ஒரு வருட வாழ்க்கையை எழுதிக்கொடுக்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுகிறோம்.

செப்டம்பர் பதினைந்து போனது. அக்டோபர் பதினைந்து போனது. டிசம்பர் பதினைந்தாவது நடக்கும் என்று நம்பினேன், அதுவும் போனது. வாரத்துக்கு ஒரு தடவை கட்கி பஜாரில் உள்ள எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்வேன். “ஹால் கிடைக்கல, பதினைஞ்சாம் தேதி பார்க்கலாம்” என்பார். ஒரு தடவை ஹால் கிடைத்தது, அவருக்கு எழுத வரவில்லை. ஒரு தடவை எழுதி முடித்தார், பிறகு கிழித்துப் போட்டார்.

தாடி மட்டும் ஒழுங்காக வளர்ந்தது. அந்தத் தாடியால் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்கிறேன். சைக்கிளில் கன்டோன்மென்ட் வழியாகப் போனால் வாரத்துக்கு ஒரு சிப்பாயாவது நிறுத்தி அடையாள அட்டை கேட்பான். அடுத்த குவார்ட்டர்ஸ் மேரி அக்கா எனக்குக் காதல் தோல்வி என்று முடிவு கட்டி, புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபிக்க வைத்துவிட்டார். அம்மாவுக்கு ஆற்காட்டுப் பேச்சு, கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும்.

“இன்னாடா கோலம் இது? யாரு பூட்டாங்கன்னு இத்த வளத்துக்கினு திரியறே?”

“நாடகத்துக்கும்மா.”

“எங்கடா நாடகம்? ஆகஸ்டுல சொன்னே. இந்நேரம் ஒருத்தி உண்டாகியிருந்தாக்கூட புள்ளயே பொறந்திருக்கும். உன் நாடகம் மட்டும் பொறக்கவே மாட்டேங்குதே!”

இதற்கு நடுவில் ஒரு வாய்ப்பும் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு நகைச்சுவை நாடகத்தில் கல்லூரிப் பையன் வேடம் போட்டவன் பாதியில் விலகினான். அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வாரத்துக்கு நாலு காட்சி, ஊர் ஊராகப் பயணம். மீசைகூட இல்லாத பையன் வேடம். நான் தாடியைத் தடவிக்கொண்டு ‘முடியாது’ என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது என்பதுதான் வேதனை. அந்தத் தாடிக்கு என்று கிடைத்த ஒரே வேடம் எங்கள் சபையின் பெரிய வெள்ளி நாடகத்தில். பேதுருவாவது கிடைக்கும் என்று நினைத்தேன். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையாகும் கள்ளன் பரபாஸைக் கொடுத்தார்கள்.

இனி சுகாஸ். சுகாஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை.

அவன் நிக்டிக்காரன், அதுவும் புனே பக்கத்து ஊர்தான். அவனுடைய அப்பா அந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மன். கல்லூரி நாடகப் போட்டிகளில் பழக்கம், என் வயதுதான். எங்கள் கூட்டத்திலேயே அவனைப்போல் நடிக்கத் தெரிந்தவன் கிடையாது. இதை வஞ்சகமில்லாமல் சொல்கிறேன், அப்போதும் எனக்கு இது தெரியும். ஒரு போட்டி நாடகத்தில் அவனுக்கு பேங்க் பியூன் வேடம். வசனமே இல்லை. மேடையில் மேனேஜரும் நானும் தொண்டை கிழியச் சண்டை போடுகிறோம், இவன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் செய்தான், கேட்டான். முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஜனம் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோப்பை கிடைத்தது, ஆனால் எல்லாரும் வந்து கைகுலுக்கியது அவனிடம்தான்.

ஜனவரியில் ஒரு நாள் தியேட்டருக்குப் பின்னால் உள்ள டீக்கடையில் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் தாடி. என்னுடையதைப்போலவே நாலைந்து மாதத் தாடி. என்னுடையதைவிட அடர்த்தி.

“என்னடா இது?” என்றேன்.

“வேண்டுதல்” என்றான். “உனக்கு?”

“தோல்ல ஏதோ தகராறு. டாக்டர் பிளேடு போடாதேன்னுட்டார்.”

இருவரும் டீயைக் குடித்துவிட்டு மழை வெயில் பேசிக் கலைந்தோம். கூச்ச நாச்சமில்லாமல் பொய் சொன்னோம். கிடைத்த வேடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். சொன்னால் போய்விடும். போஸ்டர் ஒட்டும்வரை வாயைத் திறக்கக்கூடாது. உங்களிடமும் இந்த வியாதி இருப்பதை நான் பார்க்கிறேன்.

பெரிய வெள்ளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். பூத்திலிருந்து சர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

“அவர் குளிச்சிட்டிருக்கார். யார் பேசறது?”

பெயரைச் சொன்னால் அந்த அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்து, “தாடி வளர்க்கச் சொன்னாரே, அந்த...” என்று இழுத்தேன்.

“எந்தத் தாடி? கட்கித் தாடியா, நிக்டித் தாடியா?”

நான் ரிசீவரை வைத்துவிட்டேன். மீட்டரில் இன்னும் அரை நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில், “நிக்டித் தாடிக்கு எந்த வேஷம் அக்கா?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். சரே குளித்துவிட்டு வந்து பதில் சொல்லியிருப்பார். அதைச் செய்யாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், கண்ணாடி முன்னால் நின்று, என் தாடி கன்னத்தில் மெலிசாக இருப்பதைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஒரு வேடத்துக்கு இரண்டு பேரை வளர்க்கச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். யாருக்கு நன்றாக வளர்கிறதோ அவனுக்கு வேடம். அல்லது யார் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறானோ அவனுக்கு. அவர் அப்படிப்பட்டவர்தான் என்று எனக்கு நானே சொல்லி, அவர்மேல் இல்லாத கோபத்தையெல்லாம் வளர்த்துக்கொண்டேன். சுகாஸும் நானும் ஒரே மேடையில் நின்றால் ஜனம் யாரைப் பார்க்கும் என்பதை நான் ஏற்கெனவே பார்த்தவன். சர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். ஒன்பது மாதத் தாடியோடு அதைப் பார்க்க வேண்டும். கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஒரு மாலை நாலரை மணிக்கு அடுத்த வீட்டு மேரி அக்காவின் போனுக்குச் சுகாஸ் கூப்பிட்டான். புனேயிலிருந்து லோக்கல் ரயிலில் வீட்டுக்குப் போவதாகவும், கட்கியில் இறங்கப் போவதாகவும், ஸ்டேஷனுக்கு உடனே வர முடியுமா என்றும் கேட்டான். குரலே சரியாக இல்லை. போனேன்.

பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் சுற்றி வளைக்கவில்லை. நாங்கள் பேசிக்கொள்வது பாதி மராத்தி, பாதி இந்தி, அதைத் தமிழில் தருகிறேன்.

“ஜெயா, வேண்டுதல்னு சொன்னது பொய்டா. சர் எனக்கு அடுத்த நாடகத்துல வேஷம் கொடுத்திருக்கார். ஒருத்தன் தலைமறைவா இருந்து திரும்பி வர்றான். அதுக்குத்தான் தாடி. ஒன்பது மாசமா யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கேன்.”

நான் ஆச்சரியப்பட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். நன்றாகவே செய்தேன்.

“நாளைக்குக் காலைல சாகண்ல இன்டர்வியூ. புதுசா வர்ற கார் பாகங்கள் ஃபேக்டரி. டிரெயினி சூப்பர்வைசர். அப்பா பத்து பேர்கிட்ட கெஞ்சி வாங்கினது. இப்படியே போனா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. ஷேவ் பண்ணிட்டுப் போகலைன்னா இனிமே வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டார். ஷேவ் பண்ணா சர் முகத்துல எப்படி முழிக்கறது? அவர் வாக்கு கொடுத்திருக்கார்டா. நான் என்ன பண்ணட்டும்? நீயும் இந்தப் பொழப்புலதான் இருக்கே, உனக்குத்தான் புரியும். நீ சொல்றதைக் கேட்டுக்கறேன்.”

அடுத்த லோக்கலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

இங்கே நிதானமாகப் படியுங்கள். இந்தத் தொழிலில் நெருக்கடி என்றால் மேடையில் வசனம் மறந்து போவது, லைட் அணைந்து போவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதெல்லாம் நெருக்கடியே இல்லை. கூட நடிக்கிறவன் எதையாவது பேசிச் சமாளிப்பான், ஜனம் மன்னித்துவிடும். உண்மையான நெருக்கடி வேலை இல்லாத நாட்களில்தான் வரும். மேடை இல்லை, ஜனம் இல்லை, ஒரு பெஞ்சில் இரண்டு பேர். ஒருவன் உன்னை நம்பிக் கேட்கிறான். உனக்கு அவனுக்குத் தெரியாத ஒன்று தெரியும்.

“எனக்கும் சொல்லியிருக்கார்.” இதுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டே சொல். சொல்லியிருந்தால் அவன் முதலில் திட்டியிருப்பான், பிறகு சிரித்திருப்பான். இருவரும் பஜாருக்கு நடந்து போய் அந்த பூத்திலிருந்து சரைக் கூப்பிட்டு நேராகக் கேட்டிருப்போம்.

நான் சொன்னது வேறு.

“போடா. போய் ஷேவ் பண்ணு. இந்த ஆள் நாடகம் போடவே மாட்டார். ஒன்பது மாசத்துல ஒன்பது பதினைஞ்சாம் தேதி போயிடுச்சு. நீ ஏமாந்தவன்னு ஊரே சிரிக்கும். உங்க அப்பா ரிட்டயர் ஆகப் போறார், தங்கச்சி படிக்கறா. நடிப்பு எங்கே ஓடிப்போகுது? வேலைல சேரு, சனி ஞாயிறு நடி. எனக்கு இப்படி ஒரு இன்டர்வியூ கிடைச்சா நான் ஓடியே போயிருப்பேன்.”

இதில் கடைசி வாக்கியத்தைத் தவிர எதுவும் பொய்யில்லை. அதுதான் இன்னும் மோசம். முழுப் பொய் சொல்லியிருந்தால் அவன் கண்டுபிடித்திருப்பான். அக்கறையாகப் பேசினேன், தோளில் கை போட்டுக்கொண்டு பேசினேன், அவன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உடைந்தது. என் வாழ்நாளில் நான் நடித்ததிலேயே சிறந்த நடிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவன் அன்றும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு.

“நிஜமாத்தான் சொல்றியா?”

“நிஜமாத்தான்.”

அதோடு விட்டேனா? அவன் மனசு மாறிவிடப் போகிறது என்று ஸ்டேஷன் வாசலில் இருந்த சலூனுக்கு நானே கூட்டிப் போனேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசி முடி விழும்வரை பார்த்தேன். சவரம் முடிந்ததும் சலூன்காரர் துண்டை உதறிவிட்டு என்னைப் பார்த்து, “உங்களுக்கும் எடுத்துடலாமா?” என்று கேட்டார்.

“வேண்டாம், டாக்டர் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்” என்றேன்.

சுகாஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் வெளுத்து, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தான். ஏதாவது கேட்பான் என்று பயந்தேன். கேட்கவில்லை. லோக்கல் வந்தபோது என்னைக் கட்டிக்கொண்டு, “யாரும் எனக்கு இவ்ளோ நேரா சொன்னதில்ல” என்று சொல்லிவிட்டு ஏறினான்.

ஜூன் பதினைந்தாம் தேதி ஒத்திகை ஆரம்பித்தது. ஆமாம், நிஜமாகவே ஆரம்பித்தது. பள்ளிக்கூட ஹால் ஒன்றில் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். ஜெராக்ஸ் எடுத்த பிரதியை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல். முதல் வரி: ‘திரும்பி வருபவன்’. எதிரே என் பெயர், சர் கையெழுத்தில். இரண்டாவது வரி: ‘அவனோடு தலைமறைவாக இருந்து, கூட வருபவன்’. எதிரே சுகாஸின் பெயர்.

அந்த இரண்டு வரியையும் மறுபடி மறுபடி படித்தேன். சர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“நிக்டி எங்கே?”

நான்தான் சொன்னேன்: “சாகண்ல வேலைக்குச் சேர்ந்துட்டான்னு கேள்விப்பட்டேன் சர்.” கேள்விப்பட்டேனாம்!

அவர் பிரதியின் இரண்டாவது வரியைப் பார்த்தார். “கூட வர்றவனுக்கு ஒரு வசனமும் கிடையாது” என்றார். “ரெண்டு மணி நேரம் இவன் பேசறதை அவன் கேட்கணும். அவ்வளவுதான் வேஷம். அந்தப் பையன் ஸ்டூல்ல உட்கார்ந்து கேட்டதைப் பார்த்துத்தான் இந்த நாடகத்தையே எழுத ஆரம்பிச்சேன். வேற எவனைப் போட்டாலும் சும்மா உட்கார்ந்திருப்பான், கேட்க மாட்டான்.”

பென்சிலை எடுத்து இரண்டாவது வரியை அடித்தார். எங்கள் பிரதிகளிலும் அடிக்கச் சொன்னார். அன்று முழுவதும் பிரதியில் ‘நாங்கள்’ என்று வந்த இடத்தையெல்லாம் ‘நான்’ என்று திருத்திக்கொண்டிருந்தோம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சர்மேல் ஆத்திரம்: மனுஷனுக்கு வாய் இல்லையா, இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டு நீ இது, நீ அது என்று சொல்லித் தொலைத்தால் என்ன? சுகாஸ்மேல் ஆத்திரம்: அவன்தான் டீக்கடையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு எல்லா ஆத்திரமும் சுற்றிவிட்டு என்னிடமே வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றே நிக்டிக்கு ஓடிப் போய் அவனை இழுத்து வந்திருக்கலாம். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு தடவை ஸ்டேஷன்வரை போனேன். போனால் அந்த மே மாத மாலையை விளக்க வேண்டும். விளக்கத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்தேன்.

தாடிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதல் காட்சி அன்று மேக்கப் போட வந்த பெரியவர் என் மோவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார்.

“இது யார் வளர்க்கச் சொன்னது?”

“சர்தான். பத்து மாசத்துக்கு மேல.”

“கன்னத்துல முடியே இல்லையேப்பா. லைட்டுல ஒண்ணும் தெரியாது. அழுக்கு மாதிரி இருக்கும்.” பெட்டியைத் திறந்து ஒட்டு முடியை எடுத்து என் தாடிமேலேயே ஒட்ட ஆரம்பித்தார். “மழமழன்னு வந்திருந்தா ஏழு நிமிஷத்துல முடிச்சிருப்பேன். உன் முடிமேல ஒட்டறதுக்குத்தான் இவ்ளோ நேரம் ஆகுது.”

சர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டுத் தாடி பொய் பேசும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். “இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாடகம் நன்றாகப் போனது. என்னை எல்லாருக்கும் தெரிய வைத்தது அந்த நாடகம்தான். அதற்கு அப்புறம் கிடைத்த எல்லா வேலையும் அதைப் பார்த்தவர்கள் கொடுத்தது. ஒன்று மட்டும் நடந்துகொண்டே இருந்தது. உணர்ச்சி வேகத்தில் பேசும்போது, திருத்திய இடத்தை மறந்து ‘நாங்கள்’ என்றே சொல்லிவிடுவேன். ஜனம் யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் மட்டும் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பேன்.

சுகாஸ் நன்றாக இருக்கிறான். சாகணில் பெரிய பொறுப்பு, இரண்டு பெண்கள், சொந்த வீடு. சனி ஞாயிறு நடிக்கலாம் என்று சொன்னேனே, ஷிஃப்ட் வேலையில் சனி எங்கே, ஞாயிறு எங்கே? அவன் மறுபடியும் மேடை ஏறவில்லை. ஆனால் என் ஒவ்வொரு நாடகத்துக்கும் வந்தான். தான் விலகியதால்தான் தாடியோடு இருந்த எனக்கு அந்த வேடம் வந்தது என்று நினைத்துக்கொண்டான், நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஆபீஸ் ஆட்கள் ஒரு வரிசையையே நிரப்பும்படி கூட்டிக்கொண்டு வருவான். முடிந்ததும் உள்ளே வந்து அவர்களுக்கு என்னை அறிமுகம் செய்வான். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான்: “இவன் பெரிய நடிகன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குச் சரியான நேரத்துல சரியான புத்தி சொன்னவன்னு எனக்குத்தான் தெரியும்.” இருபது வருடத்துக்கு மேலாக இதைக் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அறைந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும். என் கடைசி நாடகத்தன்று ஒப்பனை மேசையில் கிடந்த ஒட்டுத் தாடியை எடுத்து முகத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தான். பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். “அரிக்கும்ல?” என்று மட்டும் கேட்டான்.

ஆகவே பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். யாராவது உங்களை வேலைக்கு வைத்து, காத்திரு என்று சொன்னால், எந்த வேடம், எந்த மாதம், வேறு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று அங்கேயே நின்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அதைவிட முக்கியம், கூட இருக்கிறவன் உங்களிடம் புத்தி கேட்டு வந்தால், உங்களுக்கு அதில் என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு புத்தி சொல்லுங்கள். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

போன வாரம் உங்கள் ஒத்திகைக்கு வந்தேன். உங்களில் இரண்டு பேர் தாடி வைத்திருக்கிறீர்கள், இரண்டும் ஒரே நீளம். ஒருவரைத் தனியாகக் கேட்டேன், “சும்மாதான் சார்” என்றார். இன்னொருவரைக் கேட்டேன், “ஸ்கின் பிராப்ளம் சார்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். இதைப் படித்ததும் நீங்கள் இருவரும் தயவுசெய்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசித் தொலையுங்கள்.

இந்த விஷயத்தைச் சுகாஸிடம் எப்போது சொல்வீர்கள் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். மராத்தியில் எழுதித் தர முடியுமா என்று இன்னொரு பத்திரிகையும் என்னிடம் கேட்டது. நான் உங்கள் மலருக்குத்தான் எழுதித் தருகிறேன் என்றேன். சுகாஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.